மிலா என்று கூப்பிடுகிறார்கள்

மூன்றாவது ஆள் கூப்பிட்டபோதுதான் எனக்கு உறைத்தது, மிலா என்பது என் மகளின் பெயர் என்று. முதலில் பெட்ரோல் பங்க் வாசலில் இளநீர் சீவிக்கொண்டிருந்தவன் கத்தியை உயர்த்தி மிலா என்றான், வேறு யாரையோ என்று விட்டுவிட்டேன். பிறகு மலை ஏறத் தொடங்கும் இடத்தில் சீருடை போட்ட பள்ளிப் பெண்கள் நாலைந்து பேர் மிலா மிலா என்று கூவிக் கை ஆட்டினார்கள். மூன்றாவதாக ரோடு போடும் பெண் ஒருத்தி, கையில் சிவப்புக்கொடியோடு, எங்களை நிறுத்த வேண்டியவள் சிரித்துக்கொண்டே விட்டாள், போ மிலா என்றாள். ஊர்மிளா ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலை மட்டும் தூக்கினாள். அந்த இரண்டு விரல், அந்த அலட்சியம், பல நூறு தடவை தூக்கிய விரல் அது. ஜோலார்பேட்டையில் லோகோ டிரைவர்கள் எங்கள் சிக்னல் கேபினைத் தாண்டும்போது அப்படித்தான் தூக்குவார்கள். "கார் ஓட்ட எப்போம்மா கத்துக்கிட்டே?" என்று கேட்டேன். "இங்க எல்லாரும் ஓட்டுவாங்கப்பா, பஸ் சரியா கிடையாது." "யாரோட வண்டி?" "தெரிஞ்சவங்களோடது." இது கார் இல்லை, பன்னிரண்டு பேர் உட்காரும் வேன். எனக்குப் பின்னால் பதினோரு சீட் காலியாக ஆடிக்கொண்டு வருகிறது. நான் வந்து மூன்று நாள் ஆகிறது. காலேஜைக் காட்டு என்று முதல் நாளே கேட்டேன், லீவுப்பா, பூட்டியிருக்கும் என்றாள். இன்று காலையில், "பெரிய கப்பல்ல வந்து இறங்கறவங்க போற இடமெல்லாம் உனக்கு வேணாம், ஒரே கூட்டம். யாரும் அதிகமாப் போகாத மூணு இடம் காட்டறேன் வா" என்று ஏற்றிக்கொண்டாள். டாக்டருக்குப் படிக்கிற பெண்ணுக்கு யாரும் போகாத இடம் எப்படித் தெரியும் என்று அப்போது தோன்றவில்லை. பெருமையாகத்தான் இருந்தது. இப்போது மூன்று பேர் கூப்பிட்டுவிட்டார்கள். உன்னிடம் இதைச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது, தமயந்தி. நீ போய்ப் பதினாலு மாதம் ஆகிறது, உன்னோடு பேசுவதை நான் இன்னும் நிறுத்தவில்லை. வாயைத் திறக்காமல் பேசினால் யாருக்குத் தெரியப்போகிறது.

டொமினிகா என்று ஒரு நாடு இருக்கிறது என்பதே இவள் மெடிக்கல் சீட் வாங்கிய அன்றுதான் நமக்குத் தெரியும். உன் அண்ணன் குணசீலன் இன்றுவரை டொமினிகன் ரிபப்ளிக் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார், அது வேறு, இது வேறு என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். ஒரு பக்கம் கடல், மூன்று பக்கம் மலை என்று ஊர்மி எழுதியிருந்தாள், வந்து பார்த்தால் மலை மட்டும்தான் இருக்கிறது, கடல் எட்டி எட்டிப் பார்த்துவிட்டு ஒளிந்துகொள்கிறது. வெயில் அடிக்கும்போதே மழை பெய்கிறது. வேனின் கண்ணாடியில் ஈரப்பலா இலைகள் வந்து உரசுகின்றன. சில மரங்களுக்குத் தலையே இல்லை, எப்போதோ வந்த புயல் திருகிப் போட்டுவிட்டது என்றாள், அந்த மொட்டை மரங்கள் பக்கவாட்டில் தழைத்து நிற்கின்றன. முதல் இடத்தில் வண்டியை நிறுத்தியபோது கவனித்தேன், அவள் இடம் தேடவில்லை. சேறு இல்லாத ஒரு திட்டில், பின்னால் பார்க்காமலே, ஒரே மூச்சில் வண்டியைத் திருப்பி நிறுத்தினாள். காட்டுக்குள் சரிவில் இறங்கும் ஒற்றையடிப் பாதை. ஈர மண் வாசனை, நசுங்கிய இஞ்சி மாதிரி ஏதோ ஒரு இலையின் காரம். நான் ஒரு வேரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இவள் முன்னால் இறங்கி, திரும்பி நின்று, கையை நீட்டி, "லெஃப்ட் ஃபுட், லெஃப்ட் ஃபுட் ஃபர்ஸ்ட்" என்றாள். என்னிடம். அப்பாவிடம் இங்கிலீஷில். சொன்ன பிறகுதான் அவளுக்கே கேட்டது போலிருக்கிறது, முகத்தைத் திருப்பிக்கொண்டு, "இடது காலை முதல்ல வைப்பா" என்றாள். கீழே பாறையில் வெட்டிய படிகள். ஒவ்வொரு படியும் என் இடுப்புக்கு வருகிறது. இந்தத் தீவில் அடிமைகளாக இருந்து தப்பி ஓடியவர்கள் இருநூறு வருஷத்துக்கு முன்னால் வெட்டியது, ஜாக்கோ என்பவன் அவர்களுக்குத் தலைவன் என்றாள். "ஏன் இவ்வளவு உயரம் தெரியுமா? துப்பாக்கியோட துரத்திட்டு வர்ற சிப்பாய் இதுல ஏறணும்னா ரெண்டு கையும் வேணும். துப்பாக்கியைக் கீழ இருக்கறவன்கிட்ட குடுத்துட்டுத்தான் ஏறணும்." இங்கே நிறுத்தினாள். ஒன்று, இரண்டு, மூன்று. "தலை மேல வரும்போது, இங்க ஒருத்தன் உட்கார்ந்திருப்பான்." அந்த இடைவெளி. கேட்பவர்கள் ஐயோ என்று வாயில் கை வைப்பதற்காக விடப்பட்ட இடைவெளி அது. நான் வாயில் கை வைக்கவில்லை. இதைத் தன் அப்பாவிடம் முதல் தடவையாகச் சொல்கிறவள் இப்படி நிறுத்தமாட்டாள், தமயந்தி. பத்துப் படி போதும் என்று திரும்பிவிட்டேன்.

என் வேலை அப்படி. முப்பத்தாறு வருஷம் சிக்னல் பார்த்தவன். வயர் அறுந்தால், பேட்டரி இறங்கினால், எலி கடித்தால், எது கெட்டாலும் சிக்னல் தானாகச் சிவப்புக்குப் போய்விட வேண்டும், அப்படித்தான் அதைச் செய்து வைத்திருப்பார்கள். பச்சையில் நின்றுபோகும் கோளாறுதான் ஆபத்து. என் சர்வீஸில் ஒரே ஒரு தடவை அப்படி ஆனது, அதற்காக மூன்று நாள் தூங்காமல் வயர் வயராகப் பார்த்தேன். மனிதர்களிடம் அப்படி எந்த ஏற்பாடும் இல்லை. எல்லாம் கெட்டுப்போன பிறகும் பச்சையாகவே சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். வேனில் ஏறி உட்கார்ந்து சேற்றைத் துடைத்துக்கொண்டேன். சீட்டுக்குப் பின்னால் ஒரு கூடையில் மடித்து வைத்த மழைக்கோட்டுகள், எட்டோ பத்தோ, எல்லாம் ஒரே நீலம். கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும். நேற்று என் பிரஷர் மாத்திரையைக் காட்டி, இது ரெண்டு வேளையா ஒரு வேளையா என்று கேட்டதற்கு, "உன் டாக்டர்கிட்ட கேளுப்பா, என்கிட்ட கேக்காதே" என்று எழுந்து போய்விட்டாள். பதினாலு மாதமாக இப்படித்தான், தலைவலி என்று சொன்னால்கூட போனில் பேச்சை மாற்றிவிடுவாள். பயந்துபோயிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். உன் விஷயத்தில் தப்பாகச் சொன்னதற்காகப் பயந்துபோயிருக்கிறாள் என்று. பயப்படட்டும் என்றும் நினைத்தேன். அதை உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

கிழக்குப் பக்கம் இறங்கியதும் கடல் வேறு நிறமாக, கோபமாக இருக்கிறது. அட்லாண்டிக் என்கிறாள். ரோடு வளைந்து வளைந்து போகிறது, நானும் வளைந்து வளைந்து அந்த ஞாயிற்றுக்கிழமைக்கே போய்ச் சேர்கிறேன். எந்த வழியாகக் கிளம்பினாலும் அந்தச் சாயங்காலம் நாலரை மணிதான். நான் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஐந்து மணிக்கு ரிட்டயர் ஆன சிக்னல் ஸ்டாஃப் கூட்டம், எனக்குப் பொன்னாடை போடுகிறார்கள், பேச்சு எழுதி வைத்திருக்கிறேன். நீ கட்டிலில் உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டிருக்கிறாய், போனை இப்போதுதான் வைத்திருக்கிறாய். ஊர்மியா, என்ன சொன்னா என்று கேட்கிறேன். "கேஸ்தானாம். சீரகத் தண்ணி குடிச்சுட்டுப் படுக்கச் சொன்னா." டாக்டரே சொல்லிட்டா, அப்புறம் என்ன, படு என்கிறேன். சிரிக்கிறாய். இங்கேதான் சிக்கிக்கொள்கிறது. இங்கே வந்தவுடன் ஒரு கொக்கி மாட்டிக்கொண்டு முன்னாலும் போகாமல் பின்னாலும் போகாமல் நிற்கிறது. சிரித்தபோது உன் மேலுதட்டில் வேர்வை இருந்தது. மின்விசிறி நேர் மேலே ஓடிக்கொண்டிருந்தது. நான் பார்த்தேன். பார்த்தேன், பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டினேன். சித்திரை மாதம், வேர்க்காமல் என்ன செய்யும் என்று வாசற்படி தாண்டும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், சொல்லிக்கொண்டேன் என்றால் தெரிந்திருக்கிறது என்றுதானே அர்த்தம். பத்து நிமிஷம் பேசினேன். கை தட்டினார்கள். ஏழு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பொன்னாடையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வந்து கதவைத் தட்டினேன். ஆட்டோவில் உன் தலை என் மடியில் இருந்தது, ஆஸ்பத்திரியில், வழியிலேயே போயிடுச்சுங்க என்றார்கள்.

அன்றைக்கே உன் அண்ணன் கேட்டார், மத்தியானம் ஒண்ணுமே சொல்லலையா மாப்ளே என்று. நான் சொன்னேன், ஊர்மிக்குப் போன் பண்ணினா, அவ கேஸ்னு சொல்லிட்டா. வேர்வையைச் சொல்லவில்லை. ஒரு வாக்கியத்தை விட்டுவிட்டேன், அவ்வளவுதான், மீதி எல்லாம் தானாக நடந்தது. ஊரே சொன்னது, டாக்டர் படிக்கிற பெண் அம்மாவைக் கவனிக்காமல் விட்டுவிட்டாள் என்று. அவள் காரியத்துக்கும் வரவில்லை. பரீட்சை என்றாள், நானும் பரீட்சை என்று எல்லோருக்கும் சொன்னேன். அவளா, பெத்தவளைக் கொன்னுட்டுப் பரீட்சை எழுதறாளா என்று உன் அண்ணன் பந்தலில் எல்லோர் முன்னாலும் கேட்டார், நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினோராம் நாள் போனில் நானே சொன்னேன், "நீ சொன்னதைக் கேட்டுத்தானே அவ படுத்தா." ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அப்புறம் வாரா வாரம் பேசினோம், மழை பெய்ததா, சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா. அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. இந்த மே மாதம் திடீரென்று, வந்து இருபது நாள் இருந்துட்டுப் போப்பா, டிக்கெட் அனுப்பறேன் என்றாள். எதற்குக் கூப்பிடுகிறாள் என்று மூன்று விமானம் மாறி வரும்வரை யோசித்தேன்.

இரண்டாவது இடம் ரோட்டோரத்தில் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே புகை. இந்தத் தீவின் பூர்வகுடிகள் இந்தப் பக்கம்தான் இருக்கிறார்கள், கலினாகோ என்று பெயர், அவர்கள் குச்சிக்கிழங்கைத் துருவிப் பிழிந்து ரொட்டி சுடுவார்கள் என்று வரும்போதே சொன்னாள். பெரிய இரும்புத் தட்டு, அதில் வெள்ளை வெள்ளையாக வட்டங்கள், தேங்காயும் கிழங்கும் காயும் வாசனை. நம்ம பக்கத்து மரவள்ளிதானே இது என்று ஒரு நொடி மனம் இளகியது. தட்டுக்குப் பின்னால் என் வயதுப் பெண்மணி, ஓடில் என்று பெயர், நிமிர்ந்து பார்த்ததும் முகம் மலர்ந்து, "மிலா! என்ன இன்னிக்கு ஒரே ஒருத்தர்? உன் பன்னிரண்டு பேர் எங்கே?" என்றாள். அவர்கள் பேசும் இங்கிலீஷ் எனக்குப் பாதிதான் பிடிபடும். இது முழுசாகப் பிடிபட்டது. ஊர்மி மெதுவாக, "இவர் என் அப்பா" என்றாள். ஓடில் கையை மாவில்லாமல் துடைத்துக்கொண்டு சுற்றி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். உங்கள் மகள் கொண்டுவருகிறவர்கள் மட்டும்தான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவார்கள் என்றாள். மற்ற கைடுகள் வண்டியிலிருந்தே ஹாரன் அடிப்பார்கள் என்றாள். "நல்ல பெண். இரண்டு கிறிஸ்மஸ் எங்களோடுதான் சாப்பிட்டாள்." நான் தலையாட்டினேன். கைடு. நான் சிரித்துக்கூட இருப்பேன். இலையில் வைத்துக் கொடுத்த ரொட்டி கையைச் சுட்டது, பிய்க்கவில்லை. ஊர்மி தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள், காது மடல் மட்டும் சிவந்திருந்தது. சின்ன வயதில் மார்க் ஷீட்டை ஒளித்து வைத்துவிட்டு நிற்கும்போது அப்படித்தான் இருக்கும்.

இரண்டு கிறிஸ்மஸ். வேன் கிளம்பிவிட்டது, வைப்பர் போய்ப் போய் வருகிறது. இது ஜூன். போன கிறிஸ்மஸ் ஒன்று. அதற்கு முந்தின கிறிஸ்மஸ் ஒன்று. அந்த முந்தின கிறிஸ்மஸுக்கு நாலு மாதம் கழித்துத்தான் உன் ஞாயிற்றுக்கிழமை. திரும்பவும் எண்ணிப் பார்க்கிறேன், விரலை மடக்கி எண்ணுகிறேன், அவள் பார்க்காதபடி கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு. ஜனவரி, பிப்ரவரி, மார்ச், ஏப்ரல். அப்படியானால் நீ நெஞ்சைத் தடவிக்கொண்டு போன் பண்ணினபோது இவள் காலேஜிலேயே இல்லை. மழைக்கோட்டும் பன்னிரண்டு பேருமாக வேன் ஓட்டிக்கொண்டிருந்தாள். படிப்பை விட்டவள், அம்மா நெஞ்சு வலிக்கிறது என்றபோது டாக்டர் மாதிரி, கேஸ்தான், சீரகத் தண்ணி குடி. எப்படி வாய் வந்தது. வாசலில் பெயர்ப்பலகை அடித்து வைத்திருக்கிறேனே, டாக்டர் ஏ. ஊர்மிளா என்று, நீதானே எழுத்து பெரிசா இருக்கணும் என்றாய். இறங்கட்டும். இறங்கினவுடன் கேட்கிறேன். என்ன கேட்பேன் என்று ஒத்திகை பார்க்கிறேன், முதல் வார்த்தை கிடைக்கவில்லை. அதற்கு நடுவில், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு நிம்மதி எட்டிப் பார்க்கிறது. இவ்வளவு பெரிய குற்றம் இவள் பக்கம் இருந்தால் மேலுதட்டு வேர்வை சின்னதாகிவிடும். அந்த நிம்மதியைக் கண்டு எனக்கே அருவருப்பாக இருந்தது. விரட்டினேன். போகவில்லை. வேனில் பதிமூன்றாவது ஆளாக உட்கார்ந்துகொண்டு கூடவே வந்தது.

மூன்றாவது இடம் வடக்குக் கடற்கரை. மரங்களுக்கு நடுவே நடந்து வெளியே வந்தால் திடீரென்று தரையெல்லாம் சிவப்பு. செங்கல் சூளையில் வெந்த மாதிரி சிவந்த பாறை, வழவழவென்று மடிப்பு மடிப்பாகக் கடல் வரைக்கும் இறங்குகிறது. ஒரு மனிதர் இல்லை. காற்று சட்டையைப் பிடித்து இழுக்கிறது. மழை விட்டுவிட்டது, மணி பதினொன்றரை. ஊர்மி இந்தப் பாறையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. எங்கே நிற்க வேண்டும், எங்கே வழுக்கும், எதுவும் சொல்லாமல் தள்ளி நின்றாள். நான் ஒத்திகை பார்த்ததெல்லாம் போய், வெறுமனே கேட்டேன்.

"எப்போ விட்டே?"

"நவம்பர். போன வருஷம் இல்ல, அதுக்கு முந்தின வருஷம் நவம்பர்ப்பா. ஒரே பரீட்சை ரெண்டு தடவை போயிடுச்சு. மூணாவது தடவை எழுத விடல." கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "சொல்லணும்னுதான் உன்னைக் கூப்பிட்டேன். மூணு நாளா வாய் வரல. சரி, இடத்தைக் காட்டிக்கிட்டே வருவோம், நீயே கண்டுபிடிச்சுடுவேன்னு…"

"அன்னிக்கு உங்கம்மா போன் பண்ணினாளே. டாக்டர்னு நம்பித்தானே பண்ணினா? நீ டாக்டரும் இல்ல, படிக்கவும் இல்ல, எந்தத் தைரியத்துல கேஸ்னு சொன்னே?" என் குரல் காற்றை மீறி உயர்ந்துவிட்டது.

அவள் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

"அம்மாவுக்குத் தெரியும்ப்பா. நான் விட்டது பொங்கலுக்கே அம்மாவுக்குத் தெரியும். நான்தான் சொன்னேன். அப்பாகிட்ட நேரம் பார்த்து நான் சொல்றேன்னாங்க."

தெரியுமா? பொங்கலிலிருந்து சித்திரை வரைக்கும் தினமும் அந்தப் பெயர்ப்பலகையை நீ துணியால் துடைத்தாயே, தமயந்தி.

"நான் கேஸ்னு சொல்லவே இல்லப்பா. வேர்க்குதான்னு கேட்டேன், ஆமான்னாங்க. இடது கை கனமா இருக்குன்னாங்க. அம்மா, நான் டாக்டர் இல்ல, ஆனா இது நல்லதா படல, இப்பவே அப்பாவைக் கூட்டிட்டு ஆஸ்பத்திரி போன்னு அழுதேன். அம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? இன்னிக்கு அப்பாவுக்குப் பொன்னாடை போடறாங்கடி, ரெண்டு வாரமா அந்தப் பேச்சை எழுதி எழுதிக் கிழிக்கறார், ஆஸ்பத்திரின்னு சொன்னா அவர் போகமாட்டார், ஆறரைக்கு வந்துடுவார், வந்ததும் போறேன்னாங்க."

பாறை சிவப்பாக இருந்தது. வேறு எதுவும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் வெறும் சிவப்பு மட்டும்தான்.

"நான் அப்பாவுக்குப் போன் பண்றேன்னு சொன்னேன். அதுக்கு அம்மா, பண்ணு, பண்ணினா நீ காலேஜை விட்டதை இன்னிக்கே போட்டு உடைச்சுடுவேன்னாங்க. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. விளையாட்டுக்குத்தான்." அவள் நிறுத்தினாள். இது படிகளில் விட்ட இடைவெளி மாதிரி இல்லை. "நான் பயந்துட்டேன்ப்பா. போன் கையிலேயே இருந்தது. உன் நம்பரை எடுத்து வெச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பண்ணல. அதனாலதான் காரியத்துக்கும் வரல. வந்து எந்த முகத்தோட நிப்பேன்."

"பதினோராம் நாள் நான் உன்னைத் திட்டினேனே. இதையெல்லாம் அன்னிக்கே சொல்லியிருக்கலாமே. ஏன் சொல்லல?"

"சொன்னா நீ உன்மேலயே கோவப்படுவே. என்மேல கோவமா இருந்தா வாரா வாரம் போன்லயாவது பேசுவே. உன்மேலயே கோவமா இருந்தா, தனியா அந்த வீட்டுல நீ என்ன பண்ணுவேன்னு எனக்குத் தெரியல. நான் இவ்ளோ தூரத்துல இருக்கேன்."

உட்கார்ந்துவிட்டேன். பாறை வெயிலில் சூடாக இருந்தது. எனக்காகப் பொய் சொன்னாய், தமயந்தி. பத்து நிமிஷப் பேச்சுக்காக. அந்தப் பேச்சில் ஒரு வரிகூட இப்போது எனக்கு ஞாபகம் இல்லை. உன்மேல் கோபப்படலாமா என்று பார்த்தேன், முடியவில்லை, நீ சொன்ன பொய்யை நம்ப வேண்டும் என்று நான்தான் விரும்பினேன், நம்பாமலே விரும்பினேன். இதை நான் இப்போது வெளியே சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்லமாட்டேன் என்று தெரிந்தது. உள்ளே உன்னிடம் சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டிவிடுவேன், நீ திருப்பிக் கேட்கப்போவதில்லை. கடற்பறவை ஒன்று காற்றில் நகராமல் நின்றது, அது நகர்ந்ததும் சொல்லிவிடலாம் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன், அது நகரவே இல்லை. அதற்கு முன்னாலேயே வாய் திறந்துகொண்டது.

"நான் வேர்வையைப் பார்த்தேன், ஊர்மி. அவ மேலுதட்டுல. ஃபேன் ஓடிட்டிருந்தது. பார்த்துட்டுத்தான் கிளம்பினேன்."

அவள் என்னைப் பார்த்தாள். பரவாயில்லப்பா என்று சொல்லவில்லை, சொல்லியிருந்தால் நான் தாங்கியிருக்கமாட்டேன். பக்கத்தில் வந்து, தோள் படாத தூரத்தில் உட்கார்ந்தாள். அம்மாவைக் கொன்றவள் என்ற பெயரை இந்தப் பெண் பதினாலு மாதம் இந்தத் தீவில் வைத்துக்கொண்டு, யார் யாருக்கோ கை நீட்டி இடது காலை முதலில் வை என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். அந்தப் பெயரை வைத்தவன் நான். எடுக்க வேண்டியவனும் நான்தான். போனை எடுத்தேன், சிக்னல் இரண்டு கோடு இருந்தது. அங்கே ஒன்பது மணி, உன் அண்ணன் சாப்பிட்டு முடித்திருப்பார்.

"யாருக்குப்பா?"

"உங்க மாமாவுக்கு."

"வேணாம்ப்பா." எழுந்துவிட்டாள். "அவர் உன்னை என்ன சொல்வார்னு தெரியுமில்ல."

தெரியும். குணசீலன் பேச ஆரம்பித்தால் ஜோலார்பேட்டை முழுக்க நாளைக்குள் தெரிந்துவிடும். சங்கத்தில், டீக்கடையில், உன் சித்தி வீட்டில், எல்லாவற்றிலும் நான் பொன்னாடைக்காகப் பெண்டாட்டியை விட்டுவிட்டுப் போனவன் ஆகிவிடுவேன். மணி அடித்துக்கொண்டிருக்கும்போது வைத்துவிடலாமா என்று கட்டைவிரல் இரண்டு தடவை அந்தப் பொத்தான் மேல் போய்த் திரும்பியது. எடுத்துவிட்டார்.

"சொல்லு மாப்ளே. தீவு எப்படி இருக்கு? உன் டாக்டரம்மா எப்படி இருக்கா?" அந்த டாக்டரம்மாவில் இன்னும் கசப்பு இருந்தது. பின்னால் டிவி சீரியல் சத்தம்.

"மச்சான், குறுக்கே பேசாம கேளுங்க. ஊர்மி அன்னிக்குக் கேஸ்னு சொல்லல. உடனே ஆஸ்பத்திரி போன்னுதான் சொல்லியிருக்கா. தமயந்திதான் என்கிட்ட மாத்திச் சொல்லிட்டா, நான் கூட்டத்துக்குப் போகணும்னு. அவளுக்கு வேர்த்திருந்ததை நான் என் கண்ணால பார்த்தேன் மச்சான். பார்த்துட்டு, போயிட்டேன். பந்தல்ல நீங்க ஊர்மியைச் சொன்னப்போ இதைச் சொல்லாம உட்கார்ந்திருந்தேன்." மூச்சு வாங்கியது. "இன்னொண்ணு. அவ படிப்பு முடியல. பரீட்சை போயிடுச்சு. இங்க வர்றவங்களுக்கு ஊர் சுத்திக் காட்டறா. நல்லாக் காட்டறா."

அந்தப் பக்கம் சீரியல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ ஒரு பெண் அழுகிறாள், உடனே விளம்பரம். பிறகு அதையும் நிறுத்தினார். லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன், விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது.

"மாப்ளே." குரல் அவருடையது மாதிரி இல்லை. "உன்கிட்ட நான் அப்புறம் பேசறேன். உன்கிட்ட பேச நிறைய இருக்கு. இப்போ அந்தப் பொண்ணு பக்கத்துல இருக்காளா?"

"இருக்கா."

"குடு."

ஊர்மி தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள். நான் எழுந்து போய் அவள் கையை முன்னால் இழுத்து அதில் போனை வைத்தேன். காதில் வைத்தாள். மாமா என்றாள். அதற்கு மேல் அவள் பேசவில்லை, அவர்தான் பேசிக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. நின்றபடியே கேட்டவள் மெதுவாகக் குந்தி உட்கார்ந்தாள், தலை முழங்காலுக்கு நடுவே போயிற்று, முதுகு குலுங்கியது. நான் கேட்கக் கூடாது என்று விலகி நடந்தேன், இறங்கும் பாறையில், வழுக்குமோ என்று பார்த்துப் பார்த்து, கடல் இரைச்சல் எல்லாவற்றையும் மூடும் தூரம் வரைக்கும். அவர் மன்னிப்புக் கேட்டாரா, திட்டினாரா, என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. நானும் கேட்கப்போவதில்லை. ஒருமுறை மட்டும் காற்று திரும்பி அடித்தது, அதில் அவள் குரல் துண்டாக வந்து விழுந்தது, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி.

"இன்னும் இல்ல மாமா. அப்பாவும் இன்னும் சாப்பிடல."